தட்டிப் பார்க்கிற உலகநாதன்

உலகநாதன் தேங்காயை மட்டுமல்ல, தேங்காய் விற்கிறவனையும் தட்டிப் பார்க்கிற ஆள். அவன் செய்த வேலை அப்படி. விருத்தாசலத்தில் நாங்கள் இருந்த பீங்கான் தொழிற்சாலையில் நான் சூளைக்காரன், பெயர் ராஜமாணிக்கம். சூளையிலிருந்து நான் இறக்குகிற ஊறுகாய் ஜாடி, கிண்ணம், மின்கம்பத்துக்கான பீங்கான் எல்லாவற்றையும் அவன் ஒரு சின்ன மரச்சுத்தியால் ஒவ்வொன்றாகத் தட்டுவான். 'ணங்' என்றால் வலப்பக்கம் வைப்பான். 'தொப்' என்றால் உள்ளே எங்கேயோ விரிசல் இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை என்று அர்த்தம். அந்த இடத்திலேயே உடைத்துத் தொட்டியில் போட்டுவிடுவான்.

ஒரு தடவைதான் தட்டுவான். இன்னொரு முறை தட்டிப் பார்க்கச் சொல்லி நான் எத்தனையோ நாள் கெஞ்சியிருக்கிறேன். கேட்க மாட்டான். ரெண்டாம் தரம் தட்டினால் மனசு காதுக்குள் புகுந்துகொள்ளும் என்பான். அவன் சொன்னது பதினைந்து வருஷத்தில் ஒரு நாளும் தப்பியதில்லை. அதனால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. அதுதான் அவனைக் கெடுத்தது என்று இப்போது நினைக்கிறேன்.

கல்யாணத்தில் பெண் வீட்டார் வைத்த சீர்ப் பாத்திரங்களை மண்டபத்திலேயே தட்டிப் பார்த்தவன் அவன். பெண் அம்புஜவல்லி நல்லூர்க்காரி, வாய் கொஞ்சம் நீளம். "எல்லாத்தையும் தட்டிக்கிட்டே இருந்தா எதுதான் முழுசா நிக்கும்?" என்று மணையில் உட்கார்ந்தபடியே கேட்டுவிட்டது. சபையே சிரித்தது. இவன் மட்டும் அடுத்த குடத்தைத் தட்டினான்.

இப்படிப்பட்டவன் கோல்ஃப் ஆடினான் என்றால் நம்ப மாட்டீர்கள். நாங்கள் நாலு பேரும் ஆடினோம். எங்களுக்கு மேலாளராக இருந்த சன்யால் என்கிற கல்கத்தாக்காரர் கோல்ஃப் பைத்தியம். தொழிற்சாலைக்குப் பின்னால் வற்றிக் கிடந்த ஏரியில் ஆறு குழி வெட்டித் தன்னந்தனியாக ஆடிக்கொண்டிருந்தார். பந்து பொறுக்கிக் கொடுக்கப் போன மண் அரைவைக்காரன் பக்கிரிதான் முதலில் மட்டையைப் பிடித்தான். பிறகு நான், பிறகு உலகநாதன். எண்பத்தெட்டில் மாற்றலாகிப் போகும்போது சன்யால் தன் பழைய ஏழு மட்டைகளையும் ஒரு டப்பா பந்தையும் எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். நாலாவது ஆள் ஆதிநாராயணன். கூட்ஸ் வண்டி கார்டு. ஜங்ஷனை ஒட்டி ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தார். எங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவர், சொந்த ஊர் கருவேப்பிலங்குறிச்சியில் அவருக்கும் பக்கிரிக்கும் ஒரே தெரு.

எங்கள் மைதானத்தில் புல் கிடையாது. பந்தை உருட்டுகிற இடத்தில் ஆற்று மணலைக் கொட்டிச் சூளைக் கழிவு எண்ணெயைத் தெளித்துச் சாக்கால் இழுத்துச் சமமாக்கியிருப்போம். குழி என்பது மண்ணில் பதித்த ஊறுகாய் ஜாடி. மேல்பூச்சு சரியில்லாமல் கழித்த ஜாடிகளில் நாதம் சுத்தமாக இருந்த ஆறை உலகநாதன்தான் பொறுக்கி எடுத்தான். மண் இறுகப் பிடித்தால் ஒலிக்காது என்று சுற்றிலும் கூழாங்கல் போட்டுத் தளர்வாகப் பதித்ததும் அவன்தான். பந்து விழுந்தால் ணங் என்று கோயில் வரைக்கும் கேட்கும் என்று பக்கிரி பீற்றிக்கொள்வான். அவ்வளவு தூரம் கேட்காது, ஆனாலும் கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆடி முடித்து ஏரிக்கரை டீக்கடையில் உட்காருவோம். அங்கே பேச்சு முழுக்க ஆதிநாராயணனுடையதுதான். ரயில்வே பாஸ் இருந்ததால் லீவு கிடைத்தபோதெல்லாம் எங்கேயாவது போய் ஆடிவிட்டு வருவார். பழகிய அதிகாரிகள் யாராவது உள்ளே கூட்டிப் போவார்களாம். கொடைக்கானலில் மேகம் இறங்கினால் பந்தைத் தேடாதே, அப்படியே நின்றுகொள் என்பார். பெங்களூரில் காலை ஆறு மணிக்கு ஆடு, பனியில் பந்து உருளாது, அதற்கேற்ப ஓங்கி அடி என்பார். நீலகிரியில் ஒரு மைதானம் இருக்கிறது, ஆயுசில் ஒரு தடவையாவது அதில் ஆடிவிட்டுச் சாக வேண்டும் என்பார். அதன் நாலாவது குழியைப் பற்றி அரை மணி நேரம் சொல்வார். பார்த்தால் தரை வலப்பக்கம் சாய்ந்த மாதிரி தெரியுமாம், உண்மையில் இடப்பக்கம் பள்ளத்தாக்காம். கண்ணை நம்பாமல் வலப்பக்கத்துக் கற்பூர மரத்தைப் பார்த்து அடிக்க வேண்டுமாம்.

நானும் பக்கிரியும் வாயைப் பிளந்து கேட்போம். உலகநாதன் டீயை ஆற்றியபடியே ஒரே ஒரு கேள்வி கேட்பான்.

"யாரு பாத்தா?"

பதினெட்டுக் குழியையும் எண்பத்தொன்பது அடியில் முடித்தேன் என்பார் அவர். யாரு பாத்தா என்பான் இவன். ஒரு தடவை ஆதிநாராயணன் மார்க் எழுதிய அட்டையையே கொண்டுவந்து காட்டினார். உலகநாதன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பதினெட்டுக் குழிக்கும் ஒரே பேனாவில் எழுதியிருக்கிறதே என்றான். கையில் ஒரு பேனாதானே இருந்தது என்றார் அவர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டபோது முகம் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் அட்டை கொண்டுவரவே இல்லை. அட்டை கொண்டுவராததையும் உலகநாதன் சந்தேகப்பட்டான்.

தொண்ணூற்று மூன்று ஏப்ரலில் சன்யாலிடமிருந்து கடிதம் வந்தது. ஓய்வு பெற்று நீலகிரியில் குடியேறிவிட்டாராம். ஆதிநாராயணன் சொல்லிக்கொண்டிருந்த அதே மைதானத்தில் உறுப்பினராம். மே மாதக் கடைசியில் விருந்தாளி ஆட்டம் ஒன்று நடக்கிறது, உறுப்பினர் ஒருவருக்கு ஒரு விருந்தாளிதான், உங்களில் நன்றாக ஆடுகிற ஒருத்தரை அனுப்புங்கள், என் வீட்டில் தங்கலாம் என்று எழுதியிருந்தார். எங்களில் மூன்று பேர் அதுவரை பச்சைப் புல்லில் பந்தை வைத்ததே கிடையாது. ஆதிநாராயணனும் அங்கே ஏதோ அதிகாரியின் தயவில் ஒரு முறை ஆடியவர்தான். பேர் போட்டு அழைத்து, போட்டியில் ஆடுவது என்பது வேறு. அந்த ஓர் இடத்துக்காக மூன்று ஞாயிறு ஆடிப் பார்ப்பது, மொத்தத்தில் யார் அடி குறைவோ அவர் போவது என்று முடிவு செய்தோம்.

இரண்டு ஞாயிறிலேயே நானும் பக்கிரியும் கழன்றுகொண்டோம். மூன்றாம் ஞாயிறு ஐந்து குழி முடிந்தபோது உலகநாதன் ஒரே ஓர் அடி முன்னால் இருந்தான். பாக்கி இருந்தது ஆறாவது குழி. அதுதான் எங்கள் மைதானத்திலேயே பொல்லாத குழி. நடுவில் ஒரு மேடு, மேல் எல்லாம் கருவேல முள். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் குழி தெரியாது. அதனால் ஓர் ஆள் முன்னாலேயே போய் அந்தப் பக்கம் நின்று பந்து எங்கே விழுகிறது என்று பார்ப்பான். அன்றைக்குப் போனவன் பக்கிரி. அதில் நாலு அடிக்குக் குறைந்து யாரும் முடித்ததில்லை.

ஆதிநாராயணன் முதலில் அடித்தார். நல்ல அடி. பந்து மேட்டைத் தாண்டிப் போனது. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மேட்டுக்கு அப்பாலிருந்து 'தொப்' என்று ஒரு சத்தம். அடுத்த நொடி பக்கிரி மேட்டின்மேல் ஏறி நின்று இரண்டு கையையும் தூக்கினான். ஒரே அடியில் உள்ளே போயிடுச்சு என்று கத்தினான். அவன் காலில் முள் தைத்து ரத்தம் வந்துகொண்டிருந்தது, அவனுக்கு அது தெரியவில்லை.

நான் ஆதிநாராயணனின் கையைப் பிடித்தேன். உலகநாதன் தலையைச் சாய்த்தபடி அசையாமல் நின்றான். சூளையடியில் அவன் நிற்கிற நிலை அது.

"பந்து உருண்டு வியல. பக்கிரி கையால போட்டுருக்கான்" என்றான். "ஜாடிக்குள்ள கைய வெச்சிக்கிட்டு பந்தப் போட்டாத்தான் இந்தச் சத்தம் வரும். தானா வியுந்திருந்தா ணங்குன்னு கேட்டிருக்கும்."

பக்கிரி இறங்கி வந்து அவனை அடிக்கப் போனான். பெற்ற பிள்ளைமேல் சத்தியம் செய்தான். பந்து மணலில் விழுந்து மூன்று முழம் உருண்டு உள்ளே போனதைத் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன் என்றான். நீயும் அவரும் ஒரே தெரு என்றான் உலகநாதன். அப்படியானால் நீயே போய் இன்னொரு பந்தை அந்த ஜாடியில் போட்டுச் சத்தத்தைக் கேட்டுப் பார் என்றார் ஆதிநாராயணன். அது நியாயமான பேச்சு. உலகநாதன் மாட்டேன் என்றான். ஒரு தடவை கேட்டது கேட்டதுதான், ரெண்டாம் தரம் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை என்றான்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான்தான் சொல்ல வேண்டும். நான் போய்ப் பந்தைப் போட்டுப் பார்த்திருக்கலாம். போகவில்லை. பதினைந்து வருஷமாக அந்தக் காது சொன்னதற்குத் தலையாட்டிப் பழகிய தலை என்னுடையது. இன்னொன்றும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பாஸை வைத்துக்கொண்டு ஊர் ஊராய் ஆடிவிட்டு வருகிற மனுஷன்மேல் எனக்கு உள்ளூரப் பொறாமை இருந்தது. உலகநாதன் காது சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

ஆதிநாராயணன் மட்டையைத் துடைத்து மரத்தில் சாய்த்து வைத்தார்.

"சரி, நான் கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டிடறன். அவுரு விசாரிக்கட்டும்" என்றார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் இதைவிடப் பெரிய பேச்சு கிடையாது. போலீஸில் எழுதிக் கொடுத்தால் ஆள் பிடித்துச் சரிக்கட்டலாம். கொளஞ்சியப்பர் கோயிலில் இன்னார் எனக்கு இன்ன அநியாயம் செய்தான் என்று காகிதத்தில் எழுதிக் கட்டிவிட்டால், அது சாமி விசாரிக்கிற வழக்கு. கட்டினவரே வந்து திரும்ப வாங்கினால்தான் உண்டு. காணாமல் போன மாட்டுக்கும் பங்காளித் தகராறுக்கும் கட்டுவார்கள். பந்து விளையாட்டுக்குக் கட்டினதாக நான் கேள்விப்பட்டதில்லை. உலகநாதன் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

ஆதிநாராயணன் ஒதுங்கிவிட்டதால் அந்த இடம் உலகநாதனுக்கே போனது. மே மாதக் கடைசியில் நீலகிரிக்குப் போய்வந்தான். திரும்பி வந்த ஞாயிறு டீக்கடையில் எங்களுக்கு அவன்தான் கதை சொன்னான். புல் ஜமக்காளம் விரித்த மாதிரி இருந்தது, சன்யால் சாருக்கு முடி கொட்டிவிட்டது, தொண்ணூற்றெட்டு அடியில் முடித்தேன், நீங்களும் ஒரு தடவை போய்த்தான் ஆக வேண்டும் என்றான். தொண்ணூற்றெட்டா, முதல் தடவைக்கு அமோகம் என்றேன் நான். பக்கிரி டீ குடித்தான். யாரு பாத்தா என்று நாங்கள் இரண்டு பேருமே கேட்கவில்லை.

அதன் பிறகு அவனுக்கு எதைத் தொட்டாலும் பயம். ஆடியில் மாடிப்படியில் வழுக்கிக் கணுக்கால் பிசகியது. பிராதுதான் என்றான். அம்புஜவல்லிக்குப் பத்து நாள் காய்ச்சல் விடவில்லை. பிராதுதான் என்றான். கறிவேப்பிலைச் செடி பட்டுப்போனதற்குக்கூடப் பிராதைத்தான் காரணம் சொன்னான். தண்ணி ஊத்தினாத்தான் செடி நிக்கும், சாமி ஏன் கறிவேப்பிலைக்கு வரப்போவுது என்று அம்புஜவல்லி தலையில் அடித்துக்கொண்டது. ராத்திரி தூங்காமல் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார் என்று என்னிடம் வந்து சொன்னதும் அதுதான். ஆதிநாராயணனிடம் போய்ப் பேசு என்று நான் இரண்டு முறை சொன்னேன். நான் கேட்டது கேட்டதுதானே, தப்பு செய்தவரிடம் நான் எதற்குப் போக வேண்டும் என்றான். சாமியிடம் பயம், மனுஷனிடம் வீறாப்பு. நாங்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்து குழியோடு திரும்பிவிடுவோம். ஆறாவது குழிப் பக்கம் போக யாருக்கும் மனசில்லை. ஆதிநாராயணன் வருவதையே விட்டுவிட்டார்.

ஐப்பசி மழையில் ஏரி நிறைந்துவிடும் என்பதால் புரட்டாசிக் கடைசியில் ஜாடிகளைத் தோண்டி எடுத்து வைப்பது வழக்கம். அந்த வருஷம் நானும் உலகநாதனும் மட்டும் போனோம். ஐந்தை எடுத்துவிட்டு ஆறாவதுக்கு வந்தோம். சுற்றியிருந்த மண் கோடையில் இறுகிப் பாளம் பாளமாக வெடித்திருந்தது. கூழாங்கல் எல்லாம் உள்ளே இறங்கி ஜாடியை நெருக்கிக்கொண்டிருந்தது. அவன் வெளியே எடுத்து, பழக்கதோஷத்தில் விரல் கணுவால் தட்டினான்.

தொப் என்றது.

கையிலிருந்ததை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான். கழுத்திலிருந்து அடிவரை மயிரிழை போல ஒரு விரிசல். முதலில் அவனுக்குத் தோன்றியது என்ன தெரியுமா? தன்னை மாட்டிவிட யாரோ பிறகு வந்து உடைத்திருக்கிறார்கள் என்பதுதான். பக்கிரி பெயரைச் சொன்னான். எனக்கு வந்த கோபத்தில் அந்த ஜாடியைப் பிடுங்கி அவன் தலையிலேயே போட்டிருப்பேன். ஆனால் விரிசலைப் பற்றி அவனுக்குத் தெரியாதது கிடையாது. வெயிலில் பிடித்துப் பார்த்தான். விரிசலின் உள்சதைவரை கழிவு எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. சித்திரை மாதத்தோடு நாங்கள் அங்கே எண்ணெய் தெளிப்பதை நிறுத்திவிட்டோம். அந்த மூன்றாம் ஞாயிறுக்கு முந்தின நாள் தெளித்ததுதான் கடைசி. அன்றைக்கு ஈரமாக இருந்த எண்ணெய்தான் விரிசலில் இறங்கியிருக்க வேண்டும். ஆக ஆதிநாராயணன் அடித்தபோதே அது விரிசல் விட்ட ஜாடி.

உலகநாதன் பையிலிருந்து ஒரு பந்தை எடுத்து ஜாடியில் போட்டான். அன்றைக்குக் கேட்ட அதே சத்தம். வெளியே எடுத்து மறுபடியும் போட்டான். எட்டுப் பத்துத் தடவை போட்டிருப்பான். பிறகு மணலில் உட்கார்ந்து அழுதான். அவன் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அழுகை அடங்கியதும், கேட்காமலே இன்னொன்றையும் சொன்னான். நீலகிரியில் அவன் எடுத்தது தொண்ணூற்றெட்டு இல்லையாம், நூற்றுப் பதினொன்றாம். நாலாவது குழியில் ஆதிநாராயணன் சொன்ன அதே கற்பூர மரம் அதே இடத்தில் நின்றதாம். இந்த ஆள் சொன்னால் அதில் ஏதோ சூது இருக்கும் என்று நினைத்து இடப்பக்கமாக அடித்தானாம். மூன்று பந்து பள்ளத்தாக்கில் போனதாம். "நான் பொய் சொன்னன், நீ ஒடனே நம்பிட்ட, மாணிக்கம்" என்றான். நான் ஜாடியைச் சாக்கில் சுற்றிக் கட்டினேன்.

ஆதிநாராயணனைப் பார்க்க அன்றைக்கே கிளம்பினோம். வழியில் பக்கிரி வீட்டு வாசலில் உலகநாதன் சைக்கிளை நிறுத்தினான். பக்கிரி ஜாடியைப் பார்த்தான், உலகநாதன் சொன்னதையெல்லாம் கேட்டான், பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அங்கிருந்து ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் போனோம். ஆதிநாராயணன் டியூட்டி முடிந்து வந்து கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவர் சம்சாரம் விருத்தாம்பாள் எங்களைப் பார்த்ததும் உட்காருங்கள் என்று சொல்லாமல் உள்ளே போய்விட்டது. அதுவும் நியாயம்தான்.

உலகநாதன் ஜாடியைத் தரையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை. நூற்றுப் பதினொன்றையும் சொன்னான், மூன்று பந்தையும் சொன்னான். ஆதிநாராயணன் குனிந்து விரிசலைப் பார்த்தார். தட்டிப் பார்க்கவில்லை.

"எம்மேல தப்புண்ணே. அத்தன பேருக்கு முன்னால உங்கள அசிங்கப்படுத்திட்டன். என்னா வேணா செய்யுங்க" என்றான் உலகநாதன். "அஞ்சு மாசமா எனக்குத் தூக்கம் இல்ல. வூட்டுல ஒண்ணு மாத்தி ஒண்ணு வருது. நாளைக்கே கோயிலுக்குப் போலாம். அந்தப் பிராத மட்டும் திரும்ப வாங்கிடுங்க."

ஆதிநாராயணன் ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டார். அவனைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண்ணில் கோபம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

"பிராதா? நான் கட்டவே இல்லியே" என்றார். "அன்னிக்கு வயிறெரிஞ்சி சொன்னன், வூட்டுக்கு வந்து படுத்துக்கிட்டன். இத்தினி வருசமா நான் உங்கிட்ட சொன்னதுல அது ஒண்ணுதான் பொய்யி. அத மட்டும் எப்பிடி உலகநாதா யாரு பாத்தான்னு கேக்காம நம்புன?"

உலகநாதன் குனிந்து ஜாடியைக் கையில் எடுத்துக்கொண்டான். ஆதிநாராயணன் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கதவு திறந்தேதான் இருந்தது. உள்ளே வா என்று யாரும் கூப்பிடவில்லை, நாங்களும் போகவில்லை.